கொடுங்காய வழக்கு: ராஜியா, குற்ற ஒப்புதலா, முழு விசாரணையா?

அடிதடி வழக்கில் ஒருவர் சிக்கிக்கொண்டால், அவருடைய வீட்டார் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை வருடம் தண்டனை கிடைக்கும் என்பதுதான். இரண்டாவது கேள்வி, வழக்கைப் பேசி முடித்துவிட முடியுமா என்பது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திவருபவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: எந்தச் சட்டப்பிரிவு கடைசிவரை நிலைக்கப்போகிறது என்பது தெரியாமல் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடையாது. தண்டனையின் அளவை மட்டுமல்லாமல், ராஜியாகப் போக முடியுமா, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ள முடியுமா, நன்னடத்தைப் பிணையில் வெளியே வர முடியுமா என்பனவற்றையும் அந்தப் பிரிவின் எண்தான் தீர்மானிக்கிறது. பதற்றத்தில் முதல் வாரத்திலேயே ஏதோ ஒரு வழியில் இறங்கிவிடுகிற குடும்பங்கள், பிறகு திறந்திருந்த வேறொரு வழியைத் தாமாகவே அடைத்துக்கொண்டதாக வருந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வரப்புத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு பங்காளிகள் வாய்ச்சண்டையில் தொடங்கிக் கைகலப்பில் முடிக்கிறார்கள். ஒருவர் உருட்டுக்கட்டையை ஓங்க, மற்றவர் தலையைக் காத்துக்கொள்ளக் கையைத் தூக்குகிறார், அடி முன்கையில் விழுகிறது. அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்தவர் எத்தனை பேர், எந்த ஆயுதத்தால் தாக்கியதாகக் காயம்பட்டவர் சொல்கிறார் என்று குறித்துக்கொள்கிறார். காவல் நிலையத்திலிருந்து வருபவர் அங்கேயே வாக்குமூலம் வாங்குகிறார். இரவோடு இரவாகப் பதிவாகும் முதல் தகவல் அறிக்கையில், இங்கே பெரும்பாலான அடிதடி வழக்குகளில் காணப்படும் அதே வரிசை இருக்கும்: 296(பி), 115(2), 118(1), 351(3). ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விடுத்தது. நான்கைந்து நாள் கழித்து எக்ஸ்ரேயில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் முன்கை எலும்பு முறிந்திருப்பது தெரியவந்தால், விசாரணை அதிகாரி பிரிவு மாற்ற அறிக்கை ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்புவார். வழக்கின் திசை மாறுவது அந்த ஒற்றைத் தாளில்தான். அதற்கு முன்னால் எடுக்கப்படும் எந்த முடிவும் அரைகுறைத் தகவலின் மேல் எடுக்கப்பட்ட முடிவு.

பிரிவுகளும் தண்டனைகளும்

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய சட்டத்தின் பிரிவுகளே பொருந்தும். முதல் தகவல் அறிக்கை பின்னால் பதிவானாலும், சம்பவம் நடந்த நாள்தான் தண்டனையைத் தீர்மானிக்கும். இது ஏட்டளவிலான வேறுபாடு அல்ல என்பது கீழே தெரியும்.

சாதாரணக் காயத்துக்கு, அதாவது 115(2)-க்கு, அதிகபட்சம் ஓர் ஆண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதே சாதாரணக் காயம் அபாயகரமான ஆயுதத்தால் ஏற்பட்டிருந்தால் 118(1). இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். காயம் கொடுங்காயமாக இருந்து, ஆயுதம் இல்லாமலோ அபாயகரமானது என்று சொல்ல முடியாத பொருளாலோ ஏற்பட்டிருந்தால் 117(2). இதற்கு ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும். கொடுங்காயமும் அபாயகரமான ஆயுதமும் சேர்ந்தால் 118(2). இங்கே தண்டனை ஓர் ஆண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை, அல்லது ஆயுள் சிறை, அத்துடன் அபராதம். பழைய சட்டத்தின் 326-ஆம் பிரிவில் இந்த ஓராண்டுக் குறைந்தபட்ச வரம்பு இல்லை. 2024 ஜூன் மாதத்தில் நடந்த சண்டைக்கும் ஆகஸ்டில் நடந்த சண்டைக்கும் இடையில் இப்படி ஒரு கோடு விழுந்திருக்கிறது.

இவற்றுக்கும் மேலே இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. காயம்பட்டவர் நிரந்தரமாக ஊனமுற்றாலோ, உணர்வற்ற நிலையில் நிரந்தரமாகக் கிடக்க நேர்ந்தாலோ, புதிதாகச் சேர்க்கப்பட்ட 117(3) வருகிறது. குறைந்தபட்சம் பத்தாண்டு கடுங்காவல், அதிகபட்சம் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை. கொலை முயற்சிக்கான 109-இல் பத்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அந்த முயற்சியில் காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் சிறை வரை போகலாம். இதற்கு நேர் எதிராக, எதிராளி திடீரெனக் கடுமையாக ஆத்திரமூட்டியதால் கொடுங்காயம் விளைவித்ததாக நிறுவ முடிந்தால் 122(2) பொருந்தும். அதில் அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பதால், அபராதத்தோடு முடியவும் இடமிருக்கிறது.

கொடுங்காயம் எது என்பதைச் சட்டமே எட்டு வகைகளாக வரையறுத்திருக்கிறது. கண்பார்வை, செவித்திறன், உறுப்பு, மூட்டு ஆகியவற்றின் இழப்பும் முகம் நிரந்தரமாக விகாரமாவதும் அவற்றில் அடங்கும். நம் நீதிமன்றங்களில் அன்றாடம் வாதத்துக்கு உள்ளாவன கடைசி இரண்டு வகைகள்: எலும்பு அல்லது பல் முறிவோ பிசகலோ ஒன்று, உயிருக்கு ஆபத்தான, அல்லது பதினைந்து நாள் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்ய இயலாமலோ கிடக்கவைத்த காயம் மற்றொன்று. பழைய சட்டத்தில் இந்தக் காலம் இருபது நாள். ஒரு பல் விழுந்தால்கூட வழக்கு ஓராண்டிலிருந்து ஏழாண்டுக்குத் தாவிவிடுகிறது என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். அதேபோல, காயச் சான்றிதழில் கொடுங்காயம் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. எக்ஸ்ரே படம் நீதிமன்றத்தில் முன்வைக்கப்படாமலும், அதைப் படித்த மருத்துவர் சாட்சி சொல்லாமலும் இருந்தால், முறிவு நிரூபிக்கப்படவில்லை என்று சாதாரணக் காயத்துக்கு மட்டும் தண்டித்த தீர்ப்புகள் உண்டு.

ஆயுதம் பற்றிய கேள்வியும் இதே அளவு முக்கியமானது. அரிவாள், கத்தி போன்றவற்றில் வாதத்துக்கு இடமில்லை. கல், கட்டை, செங்கல் ஆகியவை அபாயகரமான ஆயுதமா என்பது அவற்றின் அளவையும் எடையையும் பயன்படுத்திய விதத்தையும் பொறுத்தது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பயன்படுத்தப்பட்ட கல்லின் அளவைக் கருத்தில் கொண்டு, அது அபாயகரமான ஆயுதம் அல்ல என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் 326-ஐ 325 ஆகக் குறைத்தது. அந்தப் பழைய 325 தான் இன்றைய 117(2). ஆகவே நம் வரப்புச் சண்டையில் கைப்பற்றப்பட்ட உருட்டுக்கட்டையின் நீளமும் சுற்றளவும், பொருளைக் கைப்பற்றும்போது காவல்துறை எழுதும் மகஜரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அற்பமான காரியம் அல்ல. அந்த ஓரிரு வரிகள் ஏழாண்டுக்கும் ஆயுள் சிறைக்கும் இடையில் நிற்கக்கூடும்.

நீதிமன்றத்தில் ராஜி

பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய நடைமுறைச் சட்டத்தின் 359-ஆம் பிரிவில், ராஜியாகப் போகக்கூடிய குற்றங்களின் பட்டியல் இரண்டு அட்டவணைகளாக இருக்கிறது. சாதாரணக் காயமான 115(2)-ஐயும், ஆத்திரமூட்டலால் விளைந்த கொடுங்காயமான 122(2)-ஐயும் காயம்பட்டவரே நீதிமன்ற அனுமதி இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். கொடுங்காயமான 117(2)-ஐ நீதிமன்ற அனுமதியோடு முடித்துக்கொள்ளலாம். ஆயுதப் பிரிவுகளான 118(1), 118(2) இரண்டும் பட்டியலில் இல்லை. கொலை முயற்சியும் இல்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஏழாண்டு தண்டனை உள்ள எலும்பு முறிவு வழக்கை நடுவர் நீதிமன்றத்திலேயே ராஜியாக முடிக்கலாம். மூன்றாண்டு தண்டனை உள்ள, கம்பியால் சிராய்ப்பு ஏற்பட்ட வழக்கை அப்படி முடிக்க முடியாது. கெட்ட வார்த்தை பேசியதற்காகக் கிட்டத்தட்ட ஒவ்வொரு அறிக்கையிலும் சேர்க்கப்படும் 296(பி)-யும் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று மாதச் சிறைக்கு மேல் போகாத அந்தச் சிறிய பிரிவு, இரு தரப்பும் மனமொத்து வந்த ராஜியை நிறுத்திவைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். அதனால்தான் குற்றப்பத்திரிகையில் எந்தெந்தப் பிரிவுகள் எஞ்சுகின்றன என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

ராஜியின் பெரிய பலன், அது சட்டப்படி விடுதலையின் விளைவைத் தருகிறது என்பது. தண்டனை இல்லை, தண்டனை பெற்றவர் என்ற பதிவும் இல்லை. பங்காளிகள், அண்டை வீட்டார், ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள் என்று நாளையும் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல முடிவு பெரும்பாலும் கிடையாது. மக்கள் நீதிமன்றத்திலும் இதைச் செய்துகொள்ளலாம். ஆனால் பட்டியலில் இல்லாத குற்றத்தைத் தீர்க்க மக்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது.

ராஜி என்றால் நீதிமன்றத்தில் பதிவாகும் ராஜி. காவல் நிலையத்தில் உட்கார்ந்து பேசி, இனிமேல் பிரச்சினை செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த தாள், பதிவான வழக்கை முடிக்காது. அந்தத் தாளை நம்பிப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அழைப்பாணை வந்தபோது திகைத்தவர்கள் உண்டு. சிகிச்சைச் செலவுக்கோ இழப்பீட்டுக்கோ பணம் தருவதானால் அது நீதிமன்றத்தில், நடுவர் முன்னிலையில், வரைவோலையாகத் தரப்படுவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. காயம்பட்டவரின் பக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் நெருக்குகிறார்கள் என்பதற்காகவோ, கூலிக்குப் போக முடியாமல் பணத்துக்குத் தவிக்கிறார் என்பதற்காகவோ அவரை ராஜிக்கு இழுப்பது நியாயம் அல்ல. நீதிமன்ற அனுமதி தேவை என்று சட்டம் வைத்திருப்பதே, அவர் மனமொப்பித்தான் வந்திருக்கிறாரா என்பதை நடுவர் அவரிடமே கேட்டறிவதற்காகத்தான்.

உயர் நீதிமன்றத்தில் குவாஷ் மனு

பட்டியலில் இல்லாத பிரிவு இருந்தால், இரு தரப்பும் சமாதானமாகிவிட்ட அடிப்படையில் வழக்கை ரத்து செய்யும்படி, அதே நடைமுறைச் சட்டத்தின் 528-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தையோ அதன் மதுரைக் கிளையையோ அணுகலாம். இது உரிமை அல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை. 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, தனிப்பட்ட தகராறின் தன்மை கொண்ட வழக்குகளை இப்படி ரத்து செய்யலாம் என்றும், கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை போன்ற கொடிய குற்ற வழக்குகளை அப்படி ரத்து செய்யக் கூடாது என்றும் வரையறுத்தது. கொலை முயற்சி எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்விக்கு 2014-இல் ஒரு வழிகாட்டுதல் கிடைத்தது. பிரிவின் பெயரை மட்டும் பார்த்து மறுத்துவிடாமல், காயம் உடலின் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த ஆயுதத்தால் ஏற்பட்டது, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 2019-இல் மற்றொரு மூவர் அமர்வு இதை உறுதிசெய்ததோடு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் முந்தைய நடத்தை, அவர் தலைமறைவாக இருந்தாரா, சமாதானம் எப்படி எட்டப்பட்டது என்பவற்றையும் கணக்கில் எடுக்கச் சொன்னது.

ஆகவே கம்பு வீசியதில் தோளில் காயம்பட்ட 118(1) வழக்குக்கு இந்த வழி நன்றாகவே பொருந்தும். தலையில் அரிவாள் வெட்டு விழுந்து, மண்டையோட்டில் முறிவு உள்ள வழக்கில், எதிராளி எவ்வளவு மனமுவந்து வந்தாலும் மனு தள்ளுபடியாகலாம். காலமும் ஒரு காரணி. விசாரணை அதிகாரி இன்னும் அறிக்கை தாக்கல் செய்யாத நிலையிலோ, குற்றச்சாட்டு வனைந்த தொடக்கத்திலோ நீதிமன்றம் தாராளமாகப் பார்க்கும். சாட்சி விசாரணை முடிந்து தீர்ப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் வரும் சமாதான மனுவைத் தயக்கத்தோடுதான் பார்க்கும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. முன்ஜாமீன் கிடையாது, பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் உரிமை உண்டு, சாதிக் காரணத்தால் நடந்த தாக்குதலை, பணம் கொடுத்து முடிக்கும் தனிப்பட்ட தகராறாக நீதிமன்றம் ஏற்காது. ஏற்கவும் கூடாது.

குற்றத்தை ஒப்புக்கொள்வது

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, வாய்தாவுக்கு அலைய முடியாமல், அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்ற எண்ணத்தில் நடுவர் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. 115(2)-இல் சில ஆயிரம் ரூபாயோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவு அல்லது அதன் சட்டப்பூர்வத்தன்மை பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும், குற்றமே செய்யவில்லை என்று பிறகு சொல்ல வழியில்லை. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் வயதில் இருக்கும் இளைஞர்களுக்கு இந்த யோசனையைச் சொல்பவர்கள் அவர்களுக்கு நன்மை செய்பவர்கள் அல்லர்.

இரண்டாவது, பிளீ பார்கெயினிங் எனப்படும் முறைப்படியான ஏற்பாடு. 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இது, புதிய நடைமுறைச் சட்டத்தில் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. ஏழாண்டுக்கு மேல் தண்டனை இல்லாத குற்றங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குப் பொருந்தாது. அதனால் 117(2)-உம் 118(1)-உம் உள்ளே வருகின்றன, 118(2)-உம் 109-உம் வெளியே நிற்கின்றன. குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். நீதிபதி குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தனியாக அழைத்து, விருப்பத்தோடுதான் செய்கிறாரா என்று கேட்பார். பிறகு அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி, பாதிக்கப்பட்டவர் ஆகியோர் சேர்ந்து பேசி, இழப்பீடு உட்பட ஓர் உடன்பாட்டுக்கு அறுபது நாளுக்குள் வர வேண்டும்.

அந்த உடன்பாட்டின் மேல் நீதிமன்றம் விதிக்கக்கூடிய சிறைத் தண்டனை, சட்டத்தில் உள்ள அதிகபட்சத்தில் நான்கில் ஒரு பங்கு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவருக்கு ஆறில் ஒரு பங்கு. 117(2)-இன் ஏழாண்டுக்குக் கணக்கிட்டால் முதல்முறையாளருக்குப் பதினான்கு மாதம், மற்றவருக்கு இருபத்தொரு மாதம். 118(1)-க்கு ஆறு மாதம் அல்லது ஒன்பது மாதம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் சிறைக்கே அனுப்பாமல் பிணைப்பத்திரத்தில் விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயுள் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பொருந்தாது என்பதால், 118(2) மறுபடியும் வெளியே போகிறது.

என் மதிப்பீட்டில், 117(2) வழக்கில் காயம்பட்டவர் உடன்பட்டு வருவாரானால், பிளீ பார்கெயினிங்கைவிட ராஜியே மேல். இரண்டுக்கும் அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். ஆனால் ஒன்று விடுதலையில் முடிகிறது, மற்றொன்று தண்டனைத் தீர்ப்பில் முடிகிறது. உடன்பாட்டின் மேல் வரும் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. ராஜி பட்டியலில் இல்லாத 118(1) வழக்கில், ஆதாரம் வலுவாக இருந்து, உயர் நீதிமன்றம் போக வசதியும் இல்லாதபோது இந்த ஏற்பாடு உண்மையிலேயே பயன்படும். நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் வரக்கூடிய தகுதியிழப்பு ஏற்படாது என்று 1958 சட்டம் சொல்கிறது. ஆனால் அரசு ஊழியர் மீது அதே நடத்தைக்காகத் துறை நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

முழு விசாரணை

சம்பவத்தில் தொடர்பே இல்லாதவர்களும், தற்காப்புக்காக அடித்தவர்களும் வேறு எதையும் யோசிக்காமல் விசாரணையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்களில் தகராறு இருவருக்குள் நடந்தாலும், அறிக்கையில் அண்ணன், தம்பி, அண்ணி, வயதான தகப்பனார் என்று குடும்பமே சேர்க்கப்படுவது வழக்கம். ஒவ்வொருவருக்கும் எதிராக என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பது தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. அங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லப்படாதவர்களுக்காக, ஆவண நகல்கள் கிடைத்த அறுபது நாளுக்குள் விடுவிப்பு மனு தாக்கல் செய்யலாம். இந்தக் கால வரம்பு புதிய சட்டம் கொண்டுவந்தது. நகல்களை வாங்கிவைத்துவிட்டு அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு அது சத்தமில்லாமல் கடந்துபோய்விடும்.

இரு தரப்பிலும் காயம் இருந்து இரு வழக்குகள் பதிவாகியிருந்தால், இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்ற உண்மையை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பதும், இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதும் நிலைபெற்ற நெறிகள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் உடலில் இருக்கும் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அது அவர்களுடைய கதையையே பலவீனப்படுத்தும். அதனால் சண்டையில் தமக்கும் அடிபட்டிருந்தால் பயந்து ஒளிந்துகொள்ளாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டில் காயத்தைப் பதியச் செய்வது, பின்னால் எந்த வழக்கறிஞராலும் உண்டாக்க முடியாத சான்று.

விசாரணையில் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீதித்துறை நடுவர் மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. அதற்கு மேல் தேவை என்று கருதினால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும், அவருக்கு ஏழாண்டு வரை அதிகாரம் உண்டு. 109 போன்ற பிரிவுகள் அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்கள் தண்டனையில் கழிக்கப்படும். ஆனால் 118(2)-இல் குற்றம் நிரூபணமானால், நீதிபதிக்கு எவ்வளவு இரக்கம் இருந்தாலும் ஓராண்டுக்குக் குறைவாகத் தர முடியாது. எனவே அந்தப் பிரிவில் விசாரணைக்குப் போகிறவரின் முதல் இலக்கு, முழு விடுதலை கிடைக்காவிட்டாலும், ஆயுதமோ கொடுங்காயமோ நிரூபிக்கப்படவில்லை என்று 117(2)-க்கோ 118(1)-க்கோ இறக்குவதாக இருக்க வேண்டும். 117(2)-ஆக இறங்கினால் ராஜியும் நன்னடத்தைப் பிணையும் அந்தக் கட்டத்திலேயே மீண்டும் கைக்கு எட்டும் தூரத்துக்கு வருகின்றன.

சாட்சிகளைச் சரிக்கட்டிப் பிறழ்சாட்சி சொல்ல வைத்துவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் எல்லா நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறார்கள். பொய்ச் சாட்சி சொல்வதும், அதற்காக ஒருவரை மிரட்டுவதும் ஒவ்வொன்றும் ஏழாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றங்கள். அறம் ஒருபுறம் இருக்க, அந்த வழி பலன் தருவதும் இல்லை. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவர், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். காவலர் தேர்வு எழுதிக் காத்திருக்கும் இளைஞனுக்கு, குற்றம் செய்யவில்லை என்று தெளிவாகச் சொல்லும் தீர்ப்புக்கும் மற்ற விடுதலைகளுக்கும் இருக்கும் இடைவெளி மிகப் பெரியது.

சிறைக்கு வெளியே உள்ள விளைவுகள் பலருடைய முடிவை மாற்றும். அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். தண்டனைத் தீர்ப்பு வந்தால் துறை விசாரணை நடத்தாமலேயே பணிநீக்கம் செய்ய அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு இடம் தருகிறது. உள்ளாட்சியிலோ சட்டமன்றத்திலோ அரசியல் செய்பவர்களுக்குத் தண்டனையின் அளவு இன்னொரு விதத்தில் கனக்கும். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களைப் பொறுத்தவரை, இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால் தண்டனைக் காலமும் விடுதலைக்குப் பின் ஆறாண்டும் போட்டியிட முடியாது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக இருப்பவர்களுக்கு வழக்கு நிலுவையில் இருப்பதே தடை. கடவுச்சீட்டுக்கு அந்த நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும் என்பதால், நீண்ட விசாரணையைவிட விரைவில் முடியும் ராஜியையோ குவாஷ் மனுவையோ அவர்கள் முதலில் நாடுவது நியாயமே.

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லை என்பதால் யாரும் தவறான வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வரையறுக்கப்பட்ட வருமானத்துக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். அதன் அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

தண்டனை வந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனையாக இருந்து, விசாரணைக் காலத்தில் ஜாமீனில் இருந்தவராக இருந்தால், தண்டனை விதித்த நீதிமன்றத்திலேயே அன்றைக்கே மனு கொடுத்து, மேல்முறையீடு செய்யும்வரை வெளியே இருக்க அனுமதி கேட்கலாம். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு தாக்கலாக வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் 117(2)-க்கான தண்டனையை, அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு ராஜியாக முடித்து விடுதலை பெற முடியும்.